கூரையடியில் கத்தும் வெள்ளைப் பெட்டி

றக்வான.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை சுதாகரன் அவர்களுக்கு மாமா நல்லையா எழுதிக்கொள்வது. இங்கே லோஜினியும் பச்சைப்பிள்ளையும் அம்மன் புண்ணியத்தில் சுகம். கட்டார் வெயிலில் உங்கள் சுகம் அறிய ஆவல். போனில் பேசினால் லோஜினி உங்கள் பக்கம் சேர்ந்துவிடுவாள், ஆகவே கடிதம்.

நீங்கள் அனுப்பிய அலாரத்தைப் பிள்ளை படுக்கும் அறையில் மாட்டினேன். புகைக்கும், கண்ணுக்குத் தெரியாத நச்சுக் காற்றுக்கும் கத்தும் என்றீர்கள். முதல் நாளே பிள்ளைக்குச் சாம்பிராணி போட, அது கத்த, தோட்டத்து வாட்ச்சர் "கினி! கினி!" என்று, சிங்களத்தில் நெருப்பு நெருப்பு எனக் கத்திக்கொண்டு வாளியோடு ஓடிவந்து அடுப்பிலிருந்த பத்தியக் குழம்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை, ஆராய்ச்சி வந்துவிட்டது. கொசுவர்த்தியைத் தூக்கிக் காட்டினேன், பேசாமல் இருந்தது. ரொட்டி கருகியது, கத்தியது. அடுப்பே மூட்டாத ஒருநாளும் கத்தியது. என்னவென்று பார்த்தால், பக்கத்து வீட்டுக் கிருஷ்ணகுமாரி மிளகாய் வறுக்கிறாள்! லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லையே. அவள் அந்தப் பக்கமிருந்தே, "ஏண்ணே, என் சமையல் அதுக்குப் புடிக்கலையாமா?" என்கிறாள். பிள்ளைக்கும் தாய்க்கும் தூக்கமே இல்லை. உங்கள் அத்தை, "மாப்பிள்ள அனுப்புனத ஒங்க தலைமேல வச்சுக்கங்க, புள்ள தலைமேல வேணாம்" என்கிறாள். சுவருக்கு மேலுள்ள இடைவெளியை உரச் சாக்கால் இறுக்கி அடைத்துவிட்டேன். சத்தம் குறைந்தது. ஆனாலும் அதை நம்ப முடியாது. கழற்றி அலுமாரியில் வைக்கச் சம்மதம் தரவும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் சீக்கிரமே ஒரு லீவும் தரட்டும்.

இப்படிக்கு,
மாமா நல்லையா

பி.கு.: கடிதம் தபாலில் சேரும் முன் ஒன்று நடந்துவிட்டது. அடைமழை. பிள்ளைத் துணி காய, ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் தணல் சட்டி வைத்தோம். துளிப் புகை இல்லை, பெட்டி கத்தியது. திட்டிக்கொண்டே கழற்றப் போனேன். லோஜினி, "அப்பா, தலை சுத்துதுப்பா" என்றாள். பிள்ளையை வாரிக்கொண்டு மழையிலேயே வெளியே ஓடினோம். தணலின் நச்சுக் காற்றாம், சாக்கு அடைத்ததால் போக வழியில்லையாம். டொக்டர் பார்த்துவிட்டார், இருவரும் சுகம். சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். பெட்டியைக் கழற்றச் சொல்லி நீங்கள் பதில் போட்டாலும் கழற்ற மாட்டேன். இப்போதெல்லாம் அது கத்தினால் யாரும் திட்டுவதில்லை. முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறோம், பிறகுதான் யார் வீட்டில் என்ன கருகியது என்று விசாரிக்கிறோம்.