சம்பந்தியை முந்தாமல் பதின்மூன்று மைல்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
15-10-2007

அன்பு மச்சான் நஞ்சுண்டனுக்கு, உன் அக்காளைக் கட்டியவன் நஞ்சப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இடுப்புக்கு மேலே நலம். இடுப்புக்குக் கீழே நேற்றிலிருந்து ஒன்றும் சொல்வதற்கில்லை. அங்கே நீ, கோமதி, பிள்ளைகள், கறவை மாடு எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிசம்பரில் தாராபுரத்தில் உன் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். யார், ஏன் என்பதையெல்லாம் முழுக்கப் படித்துவிட்டு அப்புறமாகப் பதறு.

விசயம் இதுதான். மகள் பிரீத்திக்கும் மாப்பிள்ளை இனியனுக்கும் டிசம்பரில் மூன்று வாரம் லீவு. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்கு வருகிறார்கள். மூன்று வாரமும் கோபியில் என் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, உடுமலையில் தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சம்பந்தி திருமூர்த்திக்கு ஆசை. அவரும் சம்சாரம் சாரதாம்மாவும் எங்களைப் போலவே நவம்பரோடு முடிகிற ஆறு மாத விசாவில் வந்து இதே வீட்டில்தான் இருக்கிறார்கள். வாய்விட்டுப் பேசிக்கொள்வோமா என்றால் மாட்டோம். "உங்க இஷ்டமுங்க சம்பந்தி" என்று அவர் சொல்வார், "நீங்க பாத்துச் சொன்னாச் சரிங்க" என்று நான் சொல்வேன், சொல்லிவிட்டு அவர் ஒரு ரூமில் மகனையும் நான் இன்னொரு ரூமில் மகளையும் நச்சரிப்போம். பொறுத்துப் பார்த்த பிரீத்தி ஒரு நாள், "நாங்க ஹாஃப் மராத்தான் ஓடறோம், நீங்க நாலு பேரும் வாங்க. நாலு பேர்ல யாரு முதல்ல முடிக்கறீங்களோ அவங்க சொல்ற ஊருக்கு வர்றோம். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். எவ்வளவு தூரம் என்று கேட்டேன், பதின்மூன்று மைல் என்றாள். "ஏங் கண்ணு, பஸ் போகாதா" என்றேன். முறைத்தாள். உன் அக்கா முறைப்பு அப்படியே.

நான் பள்ளிக்கூடத்தில் ஓடியதெல்லாம் வாத்தியாருக்குப் பயந்துதான். மூன்றாம் வகுப்போடு அவரும் துரத்துவதை விட்டுவிட்டார். இப்போது சனிக்கிழமைதோறும் நானும் சம்பந்தியும் ஐசலின் வரைக்கும் பிராக்டீஸ். அங்கே ஓக் ட்ரீ ரோட்டில் நம்மவர்கள் ஓட்டல் வரிசையாக இருக்கிறது. மசால் தோசை வாசனை வந்ததும் எங்கள் கால் தானாக வேகம் பிடிக்கும், தின்றுவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டால் கார் வந்துவிடும். இரண்டு மாதம் இப்படி ஓடியதில் ஆளுக்கு ஒரு சுற்றுப் பெருத்தோம். உன் அக்காவும் சாரதாம்மாவும் ஓடவே இல்லை. சுடிதாரும் ஷூவும் மாட்டிக்கொண்டு அபார்ட்மெண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். பேச்சு முடிந்தால்தானே நடை முடியும். இவர்களை நாங்கள் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

நேற்று காலையில் கிளம்புகிற கோட்டில் நிற்கும்போது உன் அக்கா என் காதில் ஓதினாள்: "ஏனுங்க, பொண்ணக் குடுத்திருக்கறோம். சம்பந்தியை முந்தீட்டுப் போயி பேரைக் கெடுத்துப்போடாதீங்க." போச்சா. நான் அவருக்கு ஓரடி பின்னாலேயே ஓடினேன். என் மூச்சிரைப்பு அவர் பிடரியில் பட்டதோ என்னவோ, அவர் திரும்பி, "பொண்ணையே குடுத்தவரு நீங்க, முன்னால போங்க" என்று நின்றுவிட்டார். நானும் நின்றேன். தண்ணீர் கொடுக்கும் மேசை வந்தால், நீங்க குடிங்க, இல்லீங்க நீங்க குடிங்க என்று கப் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே போய்ப் போய் வந்து பாதி ரோட்டுக்கு, பாதி சம்பந்தி சட்டைக்கு. இருந்தாலும் மச்சான், எனக்கு ஏகக் குசி. ரோட்டோரம் நின்ற வெள்ளைக்காரர்கள் முன்பின் தெரியாத எனக்குக் கைதட்டினார்கள். என் கல்யாணத்தில்கூட என்னைப் பார்த்து யாரும் இவ்வளவு சந்தோசப்படவில்லை, உன் அப்பா மூஞ்சியை நீயும் பார்த்தாய்தானே.

முடிகிற கோடு தெரிந்தது. பிரீத்தியும் மாப்பிள்ளையும் எப்போதோ முடித்துவிட்டு அந்தப் பக்கம் மெடலோடு நிற்கிறார்கள். மகளைப் பார்த்தேன். மூன்று வாரம், காலையில் எழுந்தால் அவள் முகம், நாலே எட்டுத் தூரத்தில். சம்பந்தி நின்றார். "நீங்க போங்க." "அதெப்படிங்க, நீங்க போங்க." பந்தியில் பாயசம் வந்தால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது தடவை இலையைக் காட்டுவோமே, அதுபோல அவர் மூன்றாவது தடவை சொன்னதும் பாய்ந்துவிடலாம் என்று நான் இருந்தேன். அவரும் அதே நினைப்பில் இருந்திருக்கிறார். யார் எத்தனை தடவை சொன்னோம் என்று இரண்டு பேருக்கும் கணக்குத் தப்பிவிட்டது. கோட்டுக்கு முன்னால் இரண்டு கிழடுகள் நகராமல் நிற்பதைப் பார்த்து, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நர்ஸம்மா ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "சம்பந்தி, நீங்க உக்காருங்க" என்றேன். "ஐயோ, நீங்க இருக்கறப்ப நானா" என்கிறார். அப்போதுதான் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. உன் அக்காவும் சாரதாம்மாவும் கைவீசி நடந்து வருகிறார்கள். நாற்காலியைப் பார்த்த சாரதாம்மா, "என்னாச்சுங்க" என்று பதறி, புருசன் பக்கத்தில் நின்றுவிட்டார். உன் அக்காவும் நாற்காலியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், நிற்கவில்லை. நேராகப் போய்க் கோட்டைத் தாண்டிக் கழுத்தை நீட்டி மெடல் வாங்கிக்கொண்டாள்.

"எந்த ஊரும்மா" என்று பிரீத்தி கேட்டாள். "கோபியும் வேண்டாம், உடுமலையும் வேண்டாம், ரெண்டு பேரும் மொகத்தத் தூக்கி வெச்சுக்குவாங்க. தாராபுரத்துல எந்தம்பி வீடு" என்றாள். ஆக, மூன்று வாரமும் உனக்கு. எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் நானும் சாப்பிட அங்கேதான் வருவேன். உன் வீட்டுப் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டு, மாப்பிள்ளை வழுக்கி விழுந்தால் பேச்சு எனக்குத்தான் வரும்.

கோமதிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, மாட்டுக்கு என் பேரைச் சொல்லி ஒரு கட்டுச் சோளத்தட்டு. பண்ணாரி அம்மன் உங்கள் எல்லோர் முழங்காலையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டே, உன் மாமன்
நஞ்சப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டார். எங்கள் ஷூவில் நேரத்தைக் குறிக்கும் சில்லு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கிளம்புகிற கோட்டை அவரவர் எப்போது தாண்டினோமோ அதிலிருந்துதான் அவரவர் நேரமாம். சாரதாம்மா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு நின்று, எல்லோருக்கும் பின்னால் தாண்டி, பாதி வழியில்தான் உன் அக்காவைப் பிடித்திருக்கிறார். முடிவில் எங்கள் பக்கத்தில் நின்றதும் ஒரு நிமிசம்தான். அந்தக் கணக்குப்படி நாலு பேரில் முதல் ஆள் அவர்தான். உடுமலை என்று சொல்லிவிட்டார். டைல்ஸ் ஒட்டாதே. உன் அக்கா அழுவாள் என்று பயந்தேன். அவளோ, "உடுமலையிலருந்து தாராபுரம் என்ன பெரிய தூரம், ஓடியே வந்து தம்பியப் பாத்துட்டுப் போயிருவேன்" என்று ஷூவைத் துடைத்து வைக்கிறாள். அவள் சொன்னால் செய்வாள். மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். எதற்கும் சாப்பாடு மூன்று பேருக்குச் சேர்த்தே போடு, நான் முன்கூட்டியே பஸ்ஸில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.