சோடாத் தண்ணீரில் நூற்றுப் பதினோரு நாட்கள்

எனக்குக் கவலைப்படத் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், கவலையை விடவில்லை. அந்தக் கவலையால்தான் என் மனைவி சரசுவின் நூற்றுப் பதினோரு நாட்களை நாசமாக்கினேன்.

எழுபதுகளில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். சரசு காய் எடுப்பாள். நான் காய் உலர்த்தும் ஸ்டோரில். வேலை விட்டு வந்ததும் அவள் பழந்துணியைக் கிழித்து, முறுக்கி, கட்டி ஓர் உருவம் செய்வாள். அன்றைய நாள்தான் அந்த உருவம். யானை வந்த நாளுக்கு யானை இருக்காது. பதுங்கிய ஆறு முதுகுகள் இருக்கும். அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாள் ஒரு சிவப்புச் சுருணை; பார்த்தால் நமக்கே உடம்பு சுடும். (நானும் ஒருநாள் செய்தேன். தலையணை வந்தது.)

ஊர் பார்க்க வந்த மலையாளி ஓவிய வாத்தியார் ஒருவர் (மாஷ் என்போம்), "ஒரு வருஷம், ஒருநாள் விடாம செய்யணும். எல்லாத்தையும் ஒரே ஹால்ல தொங்கவிடலாம்" என்றார். அவளும் விடவில்லை. தொழிலாளர் லயத்தில் காலியாகக் கிடந்த அறையில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டோம்.

இடையில் ஒருமுறை பார்க்க வருவதாக மாஷ் கடிதம் போட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் சாயம் வெளுத்துவிட்டால்? ஏலக்காயின் பச்சை மாறாமலிருக்க, உலர்த்துமுன் சலவைச் சோடாத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போடுவோம். காய்க்கு நிற்கிற நிறம் துணிக்கு நிற்காதா? மாஷ் வருவதற்கு முந்தின நாள், அவள் ஏலக்காட்டுக்குப் போனதும் நூற்றுப் பதினொன்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டுபோய் ஸ்டோரின் சோடாத் தொட்டியில் போட்டேன்.

தண்ணீர் சிவந்தது. பிறகு கறுத்தது. பதறி அள்ளி, சூட்டறைத் தட்டுகளில் பரப்பினேன். மாலையில் யானை நாளும் காய்ச்சல் நாளும் ஒரே வதங்கிய கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தன. வாசனை மட்டும் அருமை.

சரசு வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க செஞ்சீங்க?"

"நெறம் நிக்கட்டும்னு..."

"நான் என்ன, ஏலக்காயா தொங்கவிட்டிருக்கேன்?"

"மாஷ வரவேண்டாம்னு சொல்லிருவமா?"

"சும்மா இருங்க. இன்னைக்கு உள்ளது இன்னும் செய்யல."

என் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவிக்கொண்டு போனாள். நானாக இருந்தால் ஒரு மாதம் படுத்திருப்பேன்.

மறுநாள் மாஷ், திரும்பவும் கயிற்றில் தொங்கிய வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். சரசு நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"திரும்பச் செய்யறீங்களா?"

"அந்த நாளெல்லாம் திரும்ப வருமா மாஷ்? அப்படியே தொங்கட்டும்."

கடைசியில், கத்தரிக்காய்க் கூட்டத்துக்கு அப்புறம் வெள்ளையாக ஒன்று: ஒன்றையொன்று பிசைந்துகொள்ளும் இரண்டு கைகள். முகம் கிடையாது. மாஷ் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேட்டன்தானே இது?"

வருஷம் முடிந்து ஹாலில் தொங்கவிட்டபோது, ஜனங்கள் அந்தக் கைகளுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள்.

இன்றும் வீட்டில் கல்யாணப் பட்டு எடுத்தால், "தாத்தா கண்ணுல காட்டாதீங்க, சோடாவுல போட்டுருவாரு" என்கிறார்கள். நான் கோபமாக மறுக்க வாயைத் திறப்பேன். அதற்குள் எல்லோரும் என் கைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.