பெள்ளி பதிமூன்று, பூமி எட்டு

கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று இருபத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கொள்ளேகால் பக்கத்துத் தமிழன் நான். தமிழ்ச் சொல் ‘வ’வில் தொடங்கினால் ‘ப’ போட வேண்டும், கன்னடம் ஆகிவிடும் என்பது எங்கள் வீட்டுச் சூத்திரம். வாழை, பாளெ. வெண்ணெய், பெண்ணெ. இதை வைத்தே மைசூரில் வேலையும் வாங்கி, உடன் வேலை பார்த்த ரூபாவின் மனசையும் வாங்கியிருந்தேன். (பாவம் பார்த்துச் சம்மதித்ததாக அவள் சொல்வாள்.)

மீதி இருந்தது அவள் அப்பா. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர், பேச்சையும் அளந்துதான் பேசுவார். ஜாதகம் பொருந்தாமல் பெண் தரமாட்டேன் என்றுவிட்டார். எனக்கோ ஜாதகமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைச் சரிக்கட்டாவிட்டால் அடுத்த வாரம் மண்டியாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்க்க வருகிறார் என்றாள் ரூபா.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பூமி சூரியனை எட்டுச் சுற்று சுற்றுவதற்குள் வெள்ளி கிரகம் பதிமூன்று சுற்றை முடித்துவிடுகிறது. அதற்குள் இரண்டும் ஐந்து தடவை நெருங்கி வருகின்றன. ஐந்து, எட்டு, பதிமூன்று: முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசை. கிரகங்களே இப்படிப் பொருந்தி நிற்கும்போது காகிதத்தில் கட்டம் எதற்கு என்று கேட்டால் மனிதர் வாயடைத்துப் போவார் என்று கணக்குப் போட்டேன்.

ரூபாவின் சரஸ்வதிபுரம் வீட்டில் தட்டை போன்ற நிப்பட்டும் காபியும் வந்தன. “பொருத்தம் பார்க்க உங்களிடம் என்ன இருக்கிறது?” என்று அவள் அப்பா கன்னடத்தில் கேட்டார். மனப்பாடம் செய்திருந்த இருபது வாக்கியங்களும் பறந்துவிட்டன.

“பெள்ளி ஹதிமூரு, பூமி எண்ட்டு. அஷ்டே சார்,” என்றேன். (அவ்வளவுதான் சார் என்று பணிவு வேறு.)

கிரகத்துக்குக் கன்னடத்தில் சுக்ரன் என்றுதான் பெயர். பெள்ளி என்றால் கொலுசு செய்கிற வெள்ளி. பூமி என்றால், அதுவும் சர்வேயர் வீட்டில், நிலம்.

அவர் காபியைக் கீழே வைத்தார். “எந்த அளவில்?”

“எட்டு வருஷக் கணக்கில் சார். நடுவில் ஐந்து தடவை வருவதும் உண்டு.”

“ஐந்து தடவை வேறு வருவீர்களா?” என்று எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தார். ரூபாவின் அம்மா நிப்பட்டுத் தட்டை உள்ளே எடுத்துப்போனார். எனக்குக் காரணம் மட்டும் தெரியவில்லை.

சமையலறையிலிருந்து ரூபா ஓடிவந்தாள். “அப்பா, அவர் வரதட்சணை கேட்கலை. தமிழ்ல வெள்ளின்னா சுக்ரன்.”

“அப்போ பூமி?”

“நாம நிக்கிற இந்த பூமிதான். இது எட்டு சுத்து சுத்துறதுக்குள்ள சுக்ரன் பதிமூணு சுத்து சுத்திடும்னு சொல்ல வந்தார்.”

கதவைச் சாத்தாமலே திரும்பி வந்து உட்கார்ந்தார். கிரகங்களின் நாள்கணக்கை ரூபாவின் போனில் பார்த்து, காகிதத்தில் பெருக்கினார்.

“எட்டு வருஷத்தில் ஒரு நாள் இடிக்கிறதே,” என்றார்.

முடிந்தது கதை என்று செருப்பைத் தேடினேன்.

“உட்காருங்கள். இந்த அளவு பிசகை எங்கள் துறையில் விட்டுவிடுவோம்.” பிறகுதான் போய்க் கதவைச் சாத்தினார்.

இன்றைக்கும் மாமனார் வீட்டுக்குப் போனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “ஐந்தில் இது எத்தனையாவது?” என்பார். ஒவ்வொரு தடவையும் “ஐந்தாவது மாமா, இதோடு சரி” என்பேன். அதைச் சொன்னால்தான் திறக்கிறார்.