தெளிவானந்தரின் கறுப்பு உருண்டை

1976. திருவண்ணாமலையில் மலையைச் சுற்ற வந்தவர்களைவிட, அடி அண்ணாமலையில் தெளிவானந்த சாமியைச் சுற்றி நின்றவர்கள் அதிகம். கள்ளச்சாராயத்தை மூன்றே நாளில் மறக்க வைக்கிறாராம்! விடிந்ததும் தன் சட்டியிலிருந்து ஒரு கறுப்பு உருண்டை எடுத்து, மந்திரம் போட்டுக் கொடுப்பார். விழுங்கினவன் அப்புறம் சாராயத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெண்டாட்டி பிள்ளையையும் பார்ப்பதில்லை. அதை யார் கேட்கிறார்கள்?

"உருண்டை வெறும் கருப்பட்டிதான். வேலை செய்யறது என் மந்திரம்" என்பார் சாமி, ரொம்ப அடக்கமாக. தினமும் வரவேண்டும். ஒரு நாள் தவறினால் ஈசன் கோபித்துக்கொண்டு உடம்பில் இறங்கி உலுக்குவானாம். அப்படியே உலுக்கினான். தவறினவனுக்கு நடுக்கம் எடுக்கும், மூக்கு ஒழுகும், கண்ணில் தண்ணீர் கொட்டும். உடனே சனங்கள் கற்பூரம் கொளுத்தி அவன் காலில் விழுவார்கள். அந்தப் பக்கம் சாதாரணச் சளி பிடித்தவனுக்கும் ஆரத்தி நிச்சயம்.

ஜட்கா வண்டி ஓட்டும் பலராமனும் சாராயத்தை விட்டான். கூடவே ஜட்காவையும் விட்டான். நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து அரைக்கண்ணில் கிடந்தான். அவனை அங்கே கூட்டிப்போனதே பெண்டாட்டி ரேணுகாம்பாள்தான். ஒருநாள் அவன் பெற்ற மகளின் பேர் தெரியாமல் விழித்தான்.

அன்றைக்கு அவன் கைதவறி விழுந்த உருண்டையைத் தெருநாய் தின்றுவிட்டது. நிழல் அசைந்தாலே குரைக்கிற நாய், சாயந்திரம்வரை எழுந்திருக்கவில்லை.

"நாய் எப்ப சாராயம் குடிச்சுது? அதுக்கு இன்னாத்துக்கு மந்திரம் புடிக்குது?" என்று பக்கத்து வீட்டு நசீமாவிடம் கேட்டாள். நசீமா ஆஸ்பத்திரியில் ஆயா.

"அபின் மாதிரி தெரியுது ரேணுகா. மந்திரத்தத் தனியா, உருண்டையத் தனியா குடுத்துப் பாரு. எது வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிடும்."

மறுநாள் ரேணுகாம்பாள் கருப்பட்டியும் சுக்கும் இடித்து உருட்டிக்கொண்டு போனாள்.

"சாமி, உங்களுக்கு இன்னாத்துக்கு சிரமம்? கருப்பட்டிதானே, நானே உருட்டியாந்துட்டேன். மந்திரம் மட்டும் போட்டுக் குடுங்க."

சாமிக்கு முகம் சுருங்கியது. கூட்டமோ, "இன்னா பக்திடா!" என்று கைகூப்பியது. வேறு வழி? முணுமுணுத்தார். வழக்கத்தைவிட நீளமாகவே முணுமுணுத்தார். பலராமன் விழுங்கினான்.

வெயில் ஏறியது. பலராமன் கொட்டாவி விட்டான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான், நடுங்கினான்.

"சாமி வந்துடுச்சு!" கற்பூரம் எரிந்தது. "எந்த சாமி வந்திருக்கீங்க? இன்னா வேணும்?"

"சாமியாவது மண்ணாவது! அந்தச் சட்டியில இருக்கறதக் குடுங்கடா, செத்துடுவேன்!"

தெளிவானந்தர் வாய் திறக்குமுன் ரேணுகாம்பாள் அவருடைய சட்டியில் கைவிட்டு, மந்திரம் போடாத ஓர் உருண்டையை எடுத்துப் புருஷன் வாயில் போட்டாள். அரைமணி நேரத்தில் ஆண்டவன் அமைதியாக மலையேறிவிட்டார்.

"மந்திரம் போட்டது கேக்கல. போடாதது கேட்டுச்சு" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "சாராயத்தப் புடுங்கிட்டு அபினக் குடுத்திருக்கான். நம்பலைன்னா சாமியவே ஒண்ணு தின்னச் சொல்லுங்க!"

சாமி தின்னவில்லை. சட்டியோடு செங்கம் ரோட்டுப் பக்கம் ஓடினார். கூட்டம் துரத்தியது. உதைக்கத்தான் என்று நினைத்தீர்களா? பாதிப் பேர், "சாமி, நாளைக்கி உருண்டைக்கு எங்க போவோம்?" என்று அழுதுகொண்டே ஓடினார்கள்.

ரேணுகாம்பாள் புருஷனை ஜட்காவில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆள் மீண்டு வர மாதக்கணக்காகும் என்றார் டாக்டர். மூன்று நாள் என்று அங்கே எவரும் கதை விடவில்லை.

ஒருவன் எதை விட்டான் என்று கைதட்டினீர்களே ஐயா, எதைப் பிடித்துக்கொண்டான் என்று ஒருதடவை கேட்டீர்களா? அதைக் கேட்க மந்திரம் தேவையில்லை. மண்டைக்குள் இருப்பதைக் கொஞ்சம் செலவழித்தால் போதும்.