கறுப்பு வெள்ளியும் ஆணி அடித்த வேட்டியும்

எனக்கு எம்.பி.ஏ. படித்த திமிர் கொஞ்சம் இருந்தது. அது இறங்கிய இடம், மரக்காணம் கடைத்தெருவில் என் மாமனாரின் ஜவுளிக்கடை வாசல்.

வானூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஒரே ஆசைதான். மாடியில் அடுப்படியில் கிடக்காமல் கீழே கடையில் உட்கார வேண்டும். தினமும் நச்சரித்தேன். "ஒரு நாள் உன் இஷ்டத்துக்கு நடத்தும்மா. நல்லா வந்துச்சுன்னா கல்லா பக்கத்துல உனக்கு ஒரு நாற்காலி. இல்லன்னா அப்புறம் கேக்கக் கூடாது" என்றார் மாமா.

நான் பிடித்தது நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமையை. வாசலில் பத்தடி ஃபிளெக்ஸ்: "கறுப்பு வெள்ளி! அதிரடித் தள்ளுபடி!" (வெளிநாட்டில் அன்றைக்கு ஜனம் கதவை உடைத்துக்கொண்டு கடைக்குள் பாய்வதைப் போனில் பார்த்திருந்தேன்.) கறுப்பு பலூன் கட்டினேன். தோரணத்துக்குத் துணி போதாமல், அலமாரியில் இருந்த பன்னிரண்டு கறுப்பு வேட்டிகளையும் வாசல் நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். மாமாவுக்கும் ஒரு கறுப்புச் சட்டை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறுப்பாம்மா?" என்றார், பாவம்.

"நஷ்டத்தைச் சிவப்பு மையிலயும் லாபத்தைக் கறுப்பு மையிலயும் எழுதுவாங்க மாமா. லாபம் ஆரம்பிக்கிற நாள், அதான் அந்தப் பேரு" என்று வகுப்பெடுத்தேன். மழையில் உப்பளம் எல்லாம் முழுகி, ஊரே வேலையில்லாமல் இருக்கும் மாதம் அது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

முதலில் வந்தவர் பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து மேரி அக்கா, பழைய வாடிக்கை. படியே ஏறவில்லை. "ஏசு செத்த நாளையே நாங்க பெரிய வெள்ளின்னுதாம்மா சொல்றோம். நீ இன்னாடான்னா நல்ல நாளைப் போயி கறுப்புங்கற! நாளைக்கு வர்றேன்."

பத்து மணிக்கு எதிர்க்கடை மளிகைக்காரர் ரோஜா மாலையோடு ஓடிவந்தார். மாமாவைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "அண்ணே, நீ நல்லாத்தான் இருக்கறியா? அப்போ யாரு?"

அடுத்து ஒரு போலீஸ்காரர். "எந்தக் கட்சிங்க? கறுப்புக்கொடிக்கு பர்மிஷன் இருக்குதா?"

"ஐயோ, இது தள்ளுபடி சார்!"

"தள்ளுபடிக்கு இன்னாத்துக்கும்மா கறுப்பு?"

போனில் தேடி அவருக்கே படித்துக் காட்டினேன். மை கதை பிற்பாடு ஒட்டவைத்ததாம். அமெரிக்காவில் ஒரு ஊரில், நன்றி சொல்லும் பண்டிகைக்கு மறுநாள் கடைத்தெருக் கூட்டத்தோடும் வண்டிகளோடும் மல்லுக்கட்டிய போலீஸ்காரர்கள் எரிச்சலில் வைத்த பெயராம். அந்த ஊர்க் கடைக்காரர்களுக்கே பிடிக்காமல் வேறு பெயர் வைத்துப் பார்த்தார்களாம், நிற்கவில்லையாம்.

"எங்க ஆளுங்க வெச்ச பேரா!" அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு காலிக் கடையைச் சுற்றிப் பார்த்தார். "அதுக்கு மொதல்ல கூட்டம் வரணுமேம்மா."

நாற்காலி போச்சு.

கிளம்பும்போது அவர் திரும்பினார். "நாளைக்கு சபரிமலைக்கு மாலை போடறேன். கறுப்பு வேட்டி இருக்குதா?"

இருந்தது, ஆணியில். சாரலில் வேறு நனைந்திருந்தது. மாமா ஸ்டூலில் ஏறி ஆணியைப் பிடுங்கினார். "ஓட்டையை உள்ள மடிச்சிக் கட்டிக்கங்க சார், தெரியாது." அவரோடு மாலை போடுகிறவர்களும் வர, சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் தீர்ந்தன. (அன்றைய மொத்த வியாபாரமே அதுதான்.)

கடை மூடும் நேரத்தில் மாமா மாடியிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து கல்லா பக்கத்தில் போட்டார்.

"எல்லாம் ஊத்திக்கிச்சே மாமா?"

"ஊத்திக்கிச்சுதான். ஆனா போலீசு வந்து நின்னப்ப நீ மாடிக்கு ஓடல, நின்னு பதில் சொன்ன. அது போதும். பேரு வெக்கறப்ப மட்டும் என்னை ஒரு வார்த்தை கேளு."

இப்போது கார்த்திகை பிறக்கும் முன்பே கறுப்பு வேட்டிக் கட்டு வந்துவிடும், என் ஆர்டர்தான். அந்தப் போலீஸ்காரரும் வருஷம் தவறாமல் வருகிறார். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி ஒரே கேள்வி: "ஏம்மா, ஆணி அடிக்காதது இருக்குதா?"

முதலில் சிரிப்பவர் மாமாதான். நானும் சிரிக்கிறேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி.