எட்டு ஆம்பியர் கேசரி

அரைகுறை அறிவு ஆபத்து என்பார்கள். என் விஷயத்தில் அறிவு முழுசாகத்தான் இருந்தது. ஃப்யூஸ்தான் சின்னது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். (ஏளா, சிரிக்காம எழுது!) ஆனால் காதில் விழுந்ததை மறக்கமாட்டேன். அறுபதுகளில் பம்பாய் சுனாபட்டியில், வரிசையாக ரூம் ரூமாய்க் கட்டின ஒரு சாலில், ஒற்றை ரூமில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். வயர்மேன் பரீட்சைக்காக, எங்கள் கரண்ட் அடுப்பையே கணக்காக வைத்துக்கொண்டு தினமும் காலையில் சுலோகம்போல் சொல்லுவார்:

“இருநூத்தி முப்பது வோல்ட், நாலு ஆம்பியர். பெருக்குனா தொள்ளாயிரத்து இருபது வாட். வகுத்தா அம்பத்தேழரை ஓம்.”

ஓம் என்றால் கம்பி கரண்டை மறிக்கிற அளவாம். அவர் மறந்து மறந்து படித்ததில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

என் நாத்தனார் சொர்ணத்தை ஏற்கெனவே மூன்று பேர் பார்த்து, “பொண்ணு உம்முன்னு இருக்கு” என்று போய்விட்டார்கள். நாலாவதாக வந்தவர் திலக் நகர் பையன், மில்லில் வயர்மேன். இதுவும் தட்டினால் அவளை ஊருக்கே அனுப்பிவிடுவதாக மாமியார் சொல்லியிருந்தார்.

அன்று பார்த்து மண்ணெண்ணெய் இல்லை. கரண்ட் அடுப்பில் கம்பி நடுவில் அறுந்து கிடந்தது. வெளியே மழை இருட்டு. வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தாயிற்று. நான் என்ன செய்தேன்? கருகின பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சப் பாதியை இழுத்து மாட்டினேன். கம்பி பாதியானால் ஓம் பாதி, சூடு இரட்டிப்பு. (நம்ம மூளை அப்படி!) அடுப்பு நெருப்பாய்ச் சிவந்தது. தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் கொதித்தது. பெருமையாக ரவையைக் கொட்டிக் கிளறினேன்.

டப்.

எங்கள் வரிசையில் நாலு ரூமுக்கும் ஒரே ஃப்யூஸ், எங்கள் கதவுக்கு மேலே. “அரே, லைட் கயா!” என்று பக்கத்து ரூமில் கூச்சல்.

மாப்பிள்ளைப் பையன் எழுந்து, ஸ்டூலில் ஏறி, என் வீட்டுக்காரரைக் கேட்டார்: “அண்ணாச்சி, அடுப்பு எத்தன ஆம்பியர் இழுக்குது?”

“அது வந்து... இருநூத்தி முப்பது...”

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து கத்தினேன்: “எட்டு! கம்பியில பாதிய வெட்டிட்டேன்லா! ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது வாட்டு!”

பையன் ஸ்டூலில் நின்றபடியே சொன்னார்:

“கணக்கு சரிதான், அக்கா. ஆனா ஃப்யூஸ் அஞ்சுதானே?”

இருட்டில் மாமியார் குரல்: “இவ வாய்க்கு ஒரு ஃப்யூஸ் இல்லையே!”

அவ்வளவுதான், யாரோ குபீரென்று சிரித்தார்கள். நான் அடுப்பை அணைத்தபின் பையன் ஃப்யூஸ் கம்பி போட்டு வெளிச்சம் வந்தபோது பார்த்தால், சொர்ணம்! வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பையன் ஸ்டூலைவிட்டு இறங்கவே மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிக்கட்டியாய்ப் போன கேசரியையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த மாதமே கல்யாணம். (வீட்டுக்காரர் பரீட்சையில் அதே அடுப்புக் கணக்கு வந்ததாம். நாலுக்குப் பதில் ‘எட்டு’ என்று எழுதிவிட்டு வந்தார், மனுஷன்!)

இன்றைக்கும் பம்பாயில் எந்த மூலையில் கரண்ட் போனாலும் சொர்ணத்திடமிருந்து போன் வந்துவிடும்:

“மதினி, உண்மையச் சொல்லுங்க. கேசரி கிண்டுதியளா?”