யோகா வகுப்பில் மானம் போகுமா என்று கேட்டீர்கள்

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய நாத்தனார் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் அண்ணி வணக்கத்துடன் வரைந்துகொள்வது.

தங்கள் கடிதம் கிடைத்து இருபத்திரண்டு நாட்களாகியும் பதில் எழுதாத குற்றத்தையும், தாங்கள் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தும் எடுக்காத குற்றத்தையும் முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். சோம்பல் காரணமன்று. முதல் வாரம் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டாம் வாரம் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மூன்றாம் வாரம் உட்கார்ந்துவிட்டேன், ஆனால் நடந்ததை எங்கே தொடங்குவது என்று விளங்கவில்லை. இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருப்பவளுக்குக் கடிதமா என்று தங்கள் அண்ணன் கேட்கிறார். இத்தகைய விஷயம் எழுத்தில் இருப்பதே முறை. அவர் நலம். தையல் மெஷினும் நலம். என் நலம் கீழே விவரிக்கப்படுகிறது.

“நம்ம ரெண்டு பேரையும் ஒரே டாக்டர், ஒரே மாதிரிதான் திட்டினாரு, எடை குறையலன்னா முட்டி போயிடும்னு. உங்க தெருவுல யோகா வகுப்பு இருக்காமே அண்ணி, மொதல்ல நீங்க போய்ப் பாருங்க, மானம் போகலன்னா நானும் சேர்றேன்” என்று எழுதியிருந்தீர்கள். தாங்கள் அறிவீர்கள், நான் எதையும் எவரிடமும் கைகட்டி நின்று கற்றவள் அல்லேன். தையலைப் பழைய சட்டைகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றேன்; நல்ல தமிழைத் துணி சுற்றி வந்த செய்தித்தாள்களைப் படித்துக் கற்றேன். அப்படிப்பட்டவள் ஐம்பத்து மூன்றாம் வயதில், மகள் வயதுடைய ஓர் ஆசிரியையிடம், பிறந்தது முதல் செய்துவரும் மூச்சு விடுதலைக் கற்கப் போவதென்றால் எளிதா? தங்களுக்காகவே போனேன்.

வகுப்புக்குத் தளர்ந்த கால்சட்டை வேண்டும் என்றார்கள். அதைத் தைக்க உட்கார்ந்தபோதுதான், இப்பகுதியிலுள்ள இடுப்புகளையெல்லாம் அளந்த நான் என் இடுப்பை மட்டும் பதினோரு ஆண்டுகளாக அளக்கவில்லை என்பது தெரிந்தது. சுற்றினேன். டேப்பின் இரு முனைகளும், பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகளைப் போல், மிகுந்த தயக்கத்துடன் சந்தித்தன. எண்ணைப் படிக்கச் சொன்னேன். தங்கள் அண்ணன் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்தார். “நெஜத்தச் சொல்லட்டுமா, இல்ல ராத்திரி சாப்பிடட்டுமா?” என்றார். எண்ணைக் கேட்காமலேயே தாராளமாக வெட்டித் தைத்தேன்.

வகுப்பு நடப்பது மருந்துக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில். ஐம்பத்தாறு படிகள். ஏறி முடித்ததுமே அன்றைய பயிற்சி நிறைவுற்றதாகக் கருதித் திரும்பப் பார்த்தேன். ஆசிரியை, “வாங்கம்மா, இப்பதான் ஆரம்பிக்கிறோம்” என்று கையைப் பிடித்துவிட்டார். கடைசி வரிசையில், செருப்பு அலமாரிக்கும் சன்னல் திரைச்சீலைக்கும் இடைப்பட்ட மூலையைத் தேர்ந்தேன். எனக்கு முன்னால் பதினோரு பெண்கள். அவர்கள் முதுகை நான் பார்ப்பேன், என்னை எவரும் பாரார். இதுவே என் திட்டம். ஆனால் பதினோரு பேரும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தார்கள். என் உடம்பைத்தான் பார்க்கிறார்கள் என்று வயிற்றை உள்ளே இழுத்தேன். இழுத்து வைக்க உள்ளே இடமில்லை. இடைவேளையில் அவர்களுள் ஒருவரான வங்கி மேலாளர் நைசாக என் பக்கம் வந்து, “அக்கா, உங்க அளவு நோட்டுல இருக்கறத இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் முப்பத்திரண்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்று காதைக் கடித்தார். அவர் போனதும் பல் மருத்துவர் வந்தார். அவர் போனதும் பள்ளித் தலைமையாசிரியை. அத்தனை பேரும் என் வாடிக்கையாளர்கள்! நான் அவர்களுக்குப் பயந்து மூலையில் ஒளிந்தால், அவர்கள் எனக்குப் பயந்து முன்னால் ஓடியிருக்கிறார்கள். “நோட்டு பூட்டுக்குள்ள, சாவி என் இடுப்புல. அந்த இடுப்பச் சுத்தி வந்து சாவிய எடுக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும், பயப்படாதீங்க” என்று உறுதியளித்தேன்.

பதினைந்தாம் நாள்தான் அது நடந்தது. மரம்போல் ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனம். ஒரு கால் முடிந்ததும், “எல்லாரும் அப்படியே பின்பக்கம் திரும்பிக்கோங்க, சன்னல் காத்து மூஞ்சில படட்டும்” என்றார் ஆசிரியை. திரும்பினோம். கடைசி வரிசை முதல் வரிசையாயிற்று. சன்னல் கண்ணாடியில் பார்க்கிறேன், பதினோரு பேரும் ஆசிரியையை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நிற்கிறார்கள்! நான் இடப்பக்கம் சாய்ந்தேன். பதினோரு பேரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். நான் “ஐயோ” என்று கையை நீட்டினேன். பதினோரு கைகள் நீண்டன. எனக்காவது திரைச்சீலை அகப்பட்டது. அவர்களுக்கோ பக்கத்தில் நின்றவர்தான் அகப்பட்டார். அத்திரைச்சீலை நான் தைத்தது என்பதை இவ்விடத்தில் பணிவுடன் பதிவு செய்கிறேன். கம்பி வந்தது, ஆணி வந்தது, சுவரிலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பும் வந்தது. தையல் ஓர் இழை விடவில்லை.

திரைக்குள் சுருண்டு கிடந்தேன். வெளியே வங்கி மேலாளரின் குரல்: “அக்கா, இதுக்குப் பேரு என்ன ஆசனம்?”

“பேரு எதுவா இருந்தா என்ன, எனக்கு மொத தடவையா ஒண்ணு சரியா வந்திருக்கு” என்றார், அவருக்கு அடியில் கிடந்த பல் மருத்துவர். ஆசிரியை சிரிப்பை அடக்க மூச்சுப் பயிற்சியெல்லாம் செய்து பார்த்து, முடியாமல் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். விலா வலிக்கச் சிரித்தோம். எழுந்து, கம்பியைச் சுவரில் சாய்த்து, திரையை மடித்து வைத்த பிறகுதான் கவனித்தேன்: தரையிலிருந்து எழ எனக்கு ஒருவரும் கைகொடுக்கவில்லை. நாற்காலியையும் நான் பிடிக்கவில்லை. முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

இருப்பினும், தாங்கள் கேட்டது முட்டியைப் பற்றியன்று, மானத்தைப் பற்றி. அது கப்பலேறிவிட்டது. இனி அந்த ஐம்பத்தாறு படிகளை மிதிப்பதில்லை எனத் தீர்மானித்து, ஐந்து நாட்களாக வீட்டிலிருக்கிறேன். தாங்களும் சேர வேண்டாம். நாம் இருவரும் அவரவர் வீட்டில் கதவைத் தாழிட்டு மூச்சு விடுவோம்.

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் குனிந்தால் நிமிரவும், உட்கார்ந்தால் எழவும் வல்லவர்களாய் நெடுங்காலம் வாழ வாழ்த்தும்,
தங்கள் அண்ணி.

பி.கு.: கடிதத்தை உறையிலிடும் நேரத்தில் ஆசிரியையே வீடு தேடி வந்துவிட்டார். “அம்மா, நீங்க இல்லாம பின்பக்கம் திரும்பினா எல்லாரும் சன்னலப் பார்த்து முழிக்கிறாங்க” என்றார். எனக்கு நிற்கவே வராதே என்றேன். “அதனாலதாம்மா கூப்பிடறேன். நீங்க விழுந்த அன்னிக்கு அப்புறம்தான் அவங்க விழறதுக்குப் பயப்படாம நிக்கிறாங்க” என்றார். நாளைக் காலை செல்கிறேன். ஆகவே, தீர்மானம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். மானம் போனது உண்மையே. ஆனால் அது போன பிறகு உடம்பு எவ்வளவு இலேசாக இருக்கிறது என்பதை எழுத்தில் விளக்க இயலவில்லை. என் பக்கத்தில் தங்களுக்கு ஒரு பாய் விரித்து வைக்கச் சொல்லிவிட்டேன். எப்போது வருகிறீர்கள் என்று உடனே பதில் எழுதவும்.